பதினாலாம் பாயிண்ட்

மணிமொழிக்கும் அவளுடைய நாத்தனார் அருணாதேவிக்கும் ஒரு வருஷத்துக்கு மேலாகப் பேச்சு வார்த்தை இல்லை.

இத்தனைக்கும் இருவருக்கும் ரயில்வேயில்தான் வேலை. திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டேஷனில் அருணாதேவி ஸ்டேஷன் மாஸ்டர். மணிமொழி அதே பகுதிக்கு சிக்னல் டெக்னீஷியன். அருணாதேவியின் தம்பி புகழேந்தியைத்தான் அவள் கட்டியிருந்தாள்.

சண்டை வந்தது மகள் நந்தினியின் காதுகுத்தில். கம்மலோடு வரவேண்டிய அத்தை வரவில்லை. நல்ல நேரம் முடியப் போகிறது என்று ஆசாரி அவசரப்படுத்தினார். தாய்மாமன் வாங்கி வைத்திருந்த கம்மலைப் போட்டுக் குத்திவிட்டார்கள். அருணாதேவி வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தபோது பந்தி பாதி முடிந்திருந்தது. "அவங்களுக்கு வேலைதான் ஒசத்தி" என்று மணிமொழி முணுமுணுத்தது அவர் காதில் விழுந்தது. கம்மலைத் தம்பி கையில் வைத்துவிட்டு, ஒரு வாய் சாப்பிடாமல் கிளம்பிப் போனவர், அதற்கப்புறம் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

இப்போது அந்த ஸ்டேஷனுக்குக் கம்ப்யூட்டர் சிக்னல் வந்திருந்தது. பழைய பலகையில் குமிழைத் திருகிய காலம் போய், திரையில் தொட்டால் தண்டவாளம் மாற வேண்டும். பௌர்ணமிக் கூட்டம் வருவதற்குள் சோதனையை முடித்தாக வேண்டும். சோதனை என்றால், ரூமுக்குள் இருப்பவர் திரையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வெளியே தண்டவாளத்தருகே நிற்பவர் கண்ணால் பார்த்து போனில் பதில் சொல்ல வேண்டும். உள்ளே அருணாதேவி. வெளியே மணிமொழி.

முதல் அரைமணி நேரம் அருணாதேவி நேராகப் பேசவே இல்லை. பாயிண்ட்ஸ்மேன் அப்பாசாமியிடம் சொல்ல, அவர் போனில் கத்தினார். மேற்பார்வைக்கு வந்திருந்த இன்ஜினியர் அறிவுச்செல்வன் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னாங்க மேடம் இது? நீங்க சொல்றத அவங்க திருப்பிச் சொல்லணும். நடுவுல ஆளு வச்சா தப்பு வராதா?"

வேறு வழியில்லை. போன் கை மாறியது.

"பதினொன்னு. ரிவர்ஸ்." அருணாதேவியின் குரல் கல் மாதிரி இருந்தது.

"பதினொன்னு ரிவர்ஸ்" என்றாள் மணிமொழி, அதைவிடக் கல்லாக.

தண்டவாளம் பிரியும் இடம்தான் பாயிண்ட், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். அது நேர்பாதைக்கு நின்றால் நார்மல். பக்கத்து லூப் லைனுக்குத் திரும்பினால் ரிவர்ஸ். அவ்வளவுதான் பேச்சு. பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று. வெயில் ஏற ஏற ஜல்லி சுட்டது. தூரத்தில் மலை உச்சி கானலில் ஆடியது. ஒரு வருஷத்தில் பேசாத அளவு பேச்சை இரண்டு மணி நேரத்தில் பேசியிருந்தார்கள், ஒரு சொந்த வார்த்தை கூட இல்லாமல்.

"பதினாலு. ரிவர்ஸ்."

மோட்டார் உறுமியது. நாக்குத் தண்டவாளம் நகர்ந்து ஒட்டிக்கொண்டது. மணிமொழி பதில் சொல்ல வாயைத் திறந்தவள் நிறுத்தினாள். குனிந்து பார்த்தாள். பாதை நேராகத்தான் நின்றது.

"பதினாலு நார்மல்" என்றாள்.

"திரையில ரிவர்ஸ் காட்டுது."

"இங்க நார்மல்."

போனுக்கு அப்பால் அறிவுச்செல்வனின் சிரிப்புக் கேட்டது. "வெயில்ல குழம்பிட்டாங்க போல. சொன்னபடி மோட்டார் ஓடிச்சு, திரையும் ஒத்துப்போவுது. டிக் பண்ணிட்டு அடுத்ததுக்குப் போலாம் மேடம். டைம் கம்மியா இருக்குது."

மணிமொழி மறுபடியும் குனிந்து பார்த்தாள். மற்றதெல்லாம் சரியாக இருக்க, இது மட்டும் எப்படி? ஒருவேளை தன் கண்தான் தப்போ? நாத்தனாருக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? 'ஆமா, அவளுக்கு எப்பவும் அவசரம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

போனில் அருணாதேவியின் குரல் வந்தது. தன்னிடம் அல்ல, இன்ஜினியரிடம்.

"அவ நார்மல்னா நார்மல்தாங்க. பாக்காத எதையும் அவ வாய் சொல்லாது, எனக்குத் தெரியும். லூப்புக்குன்னு நான் அனுப்புற வண்டி நேரா போயி நிக்கிற வண்டிமேல ஏறுனா யாரு பதில் சொல்றது? நான் கையெழுத்து போட மாட்டேன்."

மணிமொழிக்குக் கண்ணில் நீர் கோத்தது. வியர்வை என்று சொல்லிக்கொள்ள வசதியாக வெயில் இருந்தது.

பாயிண்ட் அருகே இருந்த பெட்டியைத் திறந்து வயர் வயராகப் பார்த்தாள். மோட்டாருக்குப் போகும் ஜோடியும் திரைக்குத் தகவல் சொல்லும் ஜோடியும், இரண்டுமே இடம் மாறிச் சொருகப்பட்டிருந்தன. அதனால்தான் பாயிண்ட் தலைகீழாக ஓடியும் திரை எல்லாம் சரி என்று சாதித்தது. நேரில் வந்து எட்டிப் பார்த்த அறிவுச்செல்வனின் முகம் வெளிறியது. "ஸாரிம்மா" என்றார் மெதுவாக. அவரே பக்கத்தில் நிற்க வயர்களை மாற்றினார்கள். மூன்று முறை திருப்பித் திருப்பிச் சோதித்தார்கள். மூன்று முறையும் சரியாக வந்தது.

சோதனை முடிந்து ஸ்டேஷனுக்குள் வந்தபோது அருணாதேவி ரெஜிஸ்டரில் எழுதிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அண்ணி" என்றாள் மணிமொழி.

பேனா நின்றது.

"காதுகுத்து அன்னிக்கு உங்கள மாத்திவுட ஆளு வரலையா?"

"ஒன்றரை மணி நேரம் லேட்டு. சார்ஜ் குடுக்காம எப்பிடிடி வருவேன்?"

"எனக்குத் தெரியாதா அது? ரயில்வேல இருந்துக்கினு நானே அப்பிடிப் பேசிட்டேன். தப்புதான் அண்ணி."

"நான் ஒரு போன் பண்ணியிருக்கலாம்" என்றார் அருணாதேவி. "கோவம் ஜாஸ்தியாயிட்டா எனக்கு மூளையே ஓடாது. புள்ளைய பாக்காம ஒரு வருஷம் ஓட்டிட்டேன் பாரு, என்ன புத்தி எனக்கு!"

"அவ உங்க கம்மலத்தான் இப்ப போட்டுக்கினு இருக்கா. பள்ளிக்கூடத்துல எல்லார்கிட்டயும் காட்டுறாளாம்."

அருணாதேவி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குள் பக்கத்து ஸ்டேஷனிலிருந்து மணி அடித்தது. புதுத் திரையில் முதல் வண்டிக்குப் பாதை போட வேண்டும். அவர் தொட்டார், மஞ்சள் கோடு ஒன்று ஓடி நீண்டது. வெளியே சிக்னல் பச்சையானது. சற்று நேரத்தில் பாசஞ்சர் ஹாரன் அடித்துக்கொண்டு நுழைந்தது. ஜன்னலெல்லாம் தலைகள். அப்பாசாமி பச்சைக் கொடியோடு ஏதோ கல்யாண வீட்டுக்காரர் போலச் சிரித்துக்கொண்டு நின்றார்.

வண்டி போனதும் அருணாதேவி சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். புளிச்சோறு, காய்ந்து போயிருந்தது.

"உக்காரு, துன்னலாம். ஒனக்கும் பசிக்குமில்ல?"

மணிமொழி கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் உட்கார்ந்தாள். உப்பு கொஞ்சம் தூக்கல்தான். அதை அவள் சொல்லவும் செய்தாள். அருணாதேவி முறைத்தார், பிறகு இருவருமே சிரித்துவிட்டார்கள்.