நுனி பார்க்காத சுரைக்காய்

மொட்டை மாடித் தொட்டிகளில் எது காய்த்தாலும் படிக்கட்டுக் கூடைக்கு வந்துவிடும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், யாரிடமும் சொல்ல வேண்டாம். சுரைக்காய்க்கு மட்டும் ஒரு சட்டம் உண்டு. நுனியில் ஒரு துண்டு நறுக்கி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கூடையில் போட வேண்டும். கசக்கிற சுரைக்காய் வயிற்றுக்குள் போனால் விஷம்.

இன்று காலை தையல்காரி தன் கொடியிலிருந்து இரண்டு காய் பறித்தாள். பன்னிரண்டு பள்ளிச் சீருடைகளை மதியத்துக்குள் முடிக்கிற அவசரம். நுனி பார்க்காமலே ஒன்றைக் கூடையில் வைத்துவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தாள். மதியம் மற்றதை நறுக்கி நாக்கில் வைத்தபோது வேப்பங்காயே தேவலை என்றிருந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தால் கூடை காலி. முதல் மாடி வாத்தியார் தான் எடுத்தது கத்திரிக்காய் என்றார். அதிலும் பாதி சொத்தை என்று ஆரம்பித்தார், நின்று கேட்க யாருக்கு நேரம்? இரண்டாம் மாடி நர்ஸ் தூக்கக் கலக்கத்தில் இல்லை என்று தலையாட்டினாள். மிச்சம் இருந்தது ஒரே கதவு, அது ஓரகத்தி வீடு. தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும் முறைக்காகச் சண்டை போட்டுப் பேச்சு நின்று ஒரு வருஷம் ஆகிறது. செத்தாலும் உன் வாசற்படி மிதிக்க மாட்டேன் என்று கத்தியவள் தையல்காரிதான். இப்போது இரண்டு கையாலும் அந்தக் கதவைத் தட்டினாள்.

கதவு திறந்ததும் கூட்டு வாசனை வந்தது. பிள்ளைகள் இருவரும் தட்டில் வெறும் சோற்றோடு காத்திருந்தார்கள். தையல்காரி யாரையும் கேட்காமல் அடுப்படிக்குள் புகுந்து, கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தாள். அதே கசப்பு. துப்பிவிட்டுச் சட்டியோடு பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்தாள்.

"நான் நுனி பாக்கலக்கா. தப்பு என்னுதுதான்."

ஓரகத்தி கவிழ்ந்த சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வேற யாரு வச்ச காயா இருந்தாலும் நானே ஒரு தடவ நாக்குல வச்சுப் பாத்துடுவேன். இது உன் கொடிக் காய்னு தெரிஞ்சுது. அதான் பாக்கல."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். தையல்காரி அந்த அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.