விற்பனைக்கு வந்த பாராத் துப்பாக்கி

கருவூல வாசலில் பத்தொன்பது வருஷமாக ஒரே துப்பாக்கியோடு பாரா நிற்கிறேன். அதற்கு என்னைவிட வயது அதிகம். பழைய துப்பாக்கிகளை லைசென்ஸ் உள்ள விவசாயிகளுக்கு விற்றுவிட்டு எங்களுக்குப் புதுசு வாங்கலாம் என்று துறையில் பேச்சு வந்ததும் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எவனாவது கொள்ளையடிக்க வந்தால் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. வெளியே சொன்னதில்லை. போலீஸ்காரன் பயப்படுகிறான் என்றால் ஊர் சிரிக்கும்.

ஆயுதப்படை மைதானத்தில் கூட்டம். டி.எஸ்.பி. புவனேஸ்வரி மேடம் தலைமை. விற்றால் ரவுடி கைக்குப் போய் நம்மையே சுடுவான் என்றது ஒரு கட்சி. உருக்கினால் வெறும் இரும்புதானே, விற்றால் காசாவது வரும் என்றது இன்னொரு கட்சி. இரண்டு மணி நேரம், மூன்று ரவுண்டு டீ. இதனால் எத்தனை பேர் சாவார்கள் என்று சண்டை போட்டார்களே தவிர, ஒருவரும் அதைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை.

வாங்க வந்தவர் ஆத்தூர் பெருமாள்சாமி. அவர் மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்றி விட்டுவைக்கவில்லை.

"நான் எதையும் சுடப் போறதில்லம்மா. வானத்தப் பாத்து ஒரு வெடி. அம்புட்டுத்தான். சத்தம் கேட்டா ஓடிரும்."

"சரி, ஒரு துப்பாக்கியை எடுத்து இவருக்குச் சுட்டுக் காட்டுங்க" என்றார் மேடம்.

ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் ஜெகபர் அலி என் துப்பாக்கியை வாங்கிக் குழலுக்குள் பார்த்தார். அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியவில்லை. கம்பியை விட்டுக் குடைந்தார். மஞ்சளாகக் கட்டி கட்டியாக விழுந்தது. மோந்து பார்த்தார்.

"மேடம், சந்தனம்."

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குக் குழல் வாயில் சந்தனம் அப்பியது நான்தான். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன் என்பதால், யாரும் குறை சொல்லிவிடக் கூடாதே என்று ஒரு கை கூடுதலாகவே வைப்பேன். வாராவாரம் துடைத்ததெல்லாம் வெளியேதான். பளபளப்புக்காக இன்ஸ்பெக்ஷனில் பாராட்டுகூட வாங்கியிருக்கிறேன்.

மற்றதையும் பார்த்தார்கள். எல்லாக் குழலிலும் பக்தி.

"கழுவினாலும் பிரயோஜனமில்ல மேடம். உள்ள துரு அரிச்சிருச்சு. குண்டு போட்டா, சுடுறவன் மூஞ்சியிலதான் வெடிக்கும்."

அந்த நிமிஷமே இரண்டு கட்சியும் ஒன்றாகிவிட்டது. மேடம் ஃபைலில் எழுதி வாசித்தார்: "இவற்றால் பொதுமக்களுக்கு எந்த ஆபத்தும் இல்லை என்பது பரிசோதனையில் உறுதியானது. விற்கத் தகுதியற்றவை. பாரா பணிக்கே திருப்பி அனுப்பலாம்."

"அப்ப புதுசு, மேடம்?"

"ஆபத்தில்லைன்னு எழுதியாச்சே ஞானராஜ், அப்புறம் என்ன?"

துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் பெருமாள்சாமி வண்டியை எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டையா, எனக்குப் போனாச் சோளம் போகும். உங்ககிட்ட ஒருத்தன் வந்தா என்ன செய்வீங்க?"

"பயமாத்தான் இருக்குண்ணே" என்றேன். வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் சிரிக்கவில்லை. வண்டிப் பெட்டியைத் திறந்து ஒரு பட்டாசுச் சரத்தையும் தீப்பெட்டியையும் என் கையில் வைத்தார்.

"பன்னிக்கு இது பழகிப்போச்சு. மனுசன் ஓடுவான்."

இப்போது துப்பாக்கி என் தோளில் இருக்கிறது. கருவூலத்தைக் காப்பது என் கால்சட்டைப் பையில் இருக்கிறது.