வெளிர் மூடியில் வெள்ளைப் பொட்டு

எலும்பு முறிந்தவனுக்கு என்று ஒரு மரியாதை உண்டு. லாரி இடித்தது, சாரத்திலிருந்து விழுந்தேன் என்று சொன்னால் பார்க்க வருகிறவர்கள் கொஞ்சம் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். நான் விழுந்தது ஊஞ்சலிலிருந்து. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் என்று எழுதிய பலகைக்கு நேர் கீழே, நாற்பத்தாறு வயதில், "அப்பா எவ்வளவு உயரம் போறேன் பாரு" என்று மகளைக் கூப்பிட்டபடியே விழுந்தேன். மகள் பார்க்கக்கூட இல்லை. ஐஸ்கிரீம் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். வலது தோளில் எலும்பு இரண்டாகிவிட்டது.

எனக்கு வேலை பெயிண்ட் கிடங்கில். லாரியில் வரும் வாளிகளை இறக்கி அடுக்க வேண்டும், பிறகு கடைகளுக்குப் போகும் வேனில் ஏற்ற வேண்டும். ஒரு வாளி இருபது லிட்டர், கிட்டத்தட்ட முப்பது கிலோ. பதினெட்டு வருடமாக அதை ஒற்றைக் கையால் தூக்குகிறவன் என்று பெயர் வாங்கியிருந்தேன். உண்மையில் இரண்டே முறைதான் அப்படித் தூக்கியிருக்கிறேன். இரண்டு முறையும் கணக்குப் பிரிவிலிருந்து பெண்கள் வந்திருந்தார்கள்.

கம்பெனி விதிப்படி மருத்துவ விடுப்பு தொண்ணூறு நாள். என் எலும்புக்கு அந்தச் சுற்றறிக்கை போய்ச் சேரவில்லை. எண்பத்தைந்தாம் நாள் எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒட்டிக்கிட்டுதான் வருது. அவசரப்படாதீங்க. இன்னும் ஆறு வாரம் கனமா எதையும் தூக்கக் கூடாது."

"நான் அவசரப்படல டாக்டர். எங்க கம்பெனிதான்" என்றேன். அவர் சிரித்தார். அவருக்கு என்ன, அவர் வேலை வாளி தூக்குவதல்ல.

மறுநாள் கடிதம் வந்தது. தொண்ணூற்றொன்றாம் நாள் காலை பத்து மணிக்குக் கம்பெனி டாக்டர் முன்னிலையில் ஒரு வாளியைத் தரையிலிருந்து தூக்கி நெஞ்சுயரத் தட்டில் வைக்க வேண்டும். மூன்று முறை. முடியாவிட்டால் என் இடம் காலியானதாகக் கருதப்படும். இப்போது அந்த இடத்தில் வேலை பார்க்கிறவரே நிரந்தரமாக்கப்படுவார்.

இப்போது வேலை பார்க்கிறவனுக்குக் கிடங்கில் பெயர் தற்காலிகம். பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே அப்படி எழுதியிருந்ததால் எல்லோரும் அதையே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும், ஒல்லி, வலது காலைக் கொஞ்சம் சாய்த்து நடப்பான். விடுப்பு நீட்டிப்புக்கு விண்ணப்பம் கொடுக்கப் போனபோது ஒரே ஒரு முறை பார்த்தேன். என் கையுறையைப் போட்டுக்கொண்டிருந்தான். போதாததற்கு மேற்பார்வையாளர் வேறு, "உன் அடுக்கு எப்பவும் கோணலா இருக்கும். இவன் அடுக்குனா நூல் பிடிச்ச மாதிரி இருக்கு" என்றார். விண்ணப்பமும் திரும்பி வந்தது.

அந்த ஆள், எண்பத்தெட்டாம் நாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினான். மனைவி டீ கொடுத்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அண்ணே, சோதனைக்கு வாளி எடுத்து வைக்கிறது என் வேலை. மூணு வாளி வரிசையா வைப்பேன். ஏதாவது ஒண்ணத் தூக்குங்கன்னுதான் மேனேஜர் சொல்வார். நடுவுல இருக்கறது காலி வாளி. உடைசல்னு கடையிலேருந்து திரும்பி வந்தது. கழுவி மூடியை அடிச்சு வச்சிருக்கேன். அடையாளத்துக்கு மூடியில வெள்ளைப் பொட்டு இருக்கும். கொஞ்சம் முக்கித் தூக்குங்க. பூ மாதிரித் தூக்கிடாதீங்க."

ஏன் எனக்காக இதைச் செய்கிறாய் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். நானோ, "சரி தம்பி, பாக்கலாம்" என்று அவனுக்கு நான் ஏதோ சலுகை காட்டுவதுபோல் சொல்லி அனுப்பினேன்.

"நல்ல மனுஷன்" என்றாள் மனைவி.

"உனக்கு உலகம் தெரியாது."

"உங்களுக்கு ஊஞ்சல் தெரிஞ்ச அளவுக்கு எனக்கு உலகம் தெரியாதுதான்" என்று கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனாள்.

இருந்தாலும் ஒத்திகை நடந்தது. குளியலறைக் காலி வாளியைக் கூடத்தில் வைத்து, இல்லாத கனத்தை நான் தூக்கினேன். மனைவி சுவரில் சாய்ந்துகொண்டு இயக்கினாள். "இது வாளி தூக்கற மூஞ்சி இல்ல, பல்வலி மூஞ்சி." மறுபடி தூக்கினேன். "இப்ப மலச்சிக்கல் மாதிரி இருக்கு." மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஊஞ்சலைத்தான் பார்க்கவில்லை, இதையாவது பார்த்தாளே.

தொண்ணூற்றொன்றாம் நாள் பஸ்ஸில் போகும்போது மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. என் மூளை நான் கேட்டு வேலை செய்ததே இல்லை. நான் தோற்றால் இடம் அவனுக்கு. அப்படியிருக்க எந்த மனிதனாவது தன் வாயிலேயே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வானா? இதில் உள்குத்து இருக்கிறது. மேனேஜரிடம் முன்பே சொல்லியிருப்பான். நான் காலி வாளியை முக்கி முக்கித் தூக்கும்போது கையும் களவுமாகப் பிடிப்பார்கள். வேலையோடு மானமும் போகும். இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் நான் அவனை முழு வில்லனாக்கி முடித்துவிட்டேன்.

கிடங்கில் மூன்று வாளிகள் இருந்தன. வெளிர் மஞ்சள் மூடிகள். நடுவாளியின் மூடியில் விரலளவு வெள்ளைப் பொட்டு. மேனேஜர் சரியாக அந்த வாளிமேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார், புன்னகையோடு. கம்பெனி டாக்டர் செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டின் பக்கத்தில் தற்காலிகம்.

"ஏதாவது ஒண்ணத் தூக்குங்க" என்று மேனேஜர் காலை எடுத்தார்.

அந்தப் புன்னகைதான் என் சந்தேகத்துக்குச் சாட்சி. அவர் எப்போதும் அப்படித்தான் சிரிப்பார், பதினெட்டு வருடமாகப் பார்த்திருக்கிறேன், அது அப்போது நினைவுக்கு வரவில்லை. உங்கள் வலையில் நான் விழுவேனா என்று மனசுக்குள் கருவிக்கொண்டு இடது பக்க வாளிக்குக் குனிந்தேன். நேர்மையாகத் தூக்கிவிடலாம். மூன்றே முறைதானே.

தற்காலிகம் இருமினான். பிறகு இன்னொரு முறை, கொஞ்சம் பலமாக. நான் தப்பித்துவிட்டேன் என்று பதறுகிறான் பார், என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

வாளி முழங்கால்வரை வந்தது. இடுப்பருகே வந்தபோது தோளுக்குள் ஏதோ சத்தம் கேட்டது. வாளி விழுந்து, மூடி தெறித்து, இருபது லிட்டர் கடல் நீலமும் டாக்டரின் செருப்பை நனைத்துக்கொண்டு ஓடியது. டாக்டர் அன்றைக்கு முதல்முறையாகச் செல்பேசியிலிருந்து தலை நிமிர்ந்தார். தாளில் ஒரே ஒரு வார்த்தை எழுதினார்.

எல்லோரும் பெயிண்டைத் தாண்டித் தாண்டி ஓடிக்கொண்டிருக்க, நான் தோளைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அப்போது தற்காலிகம் நடுவாளியை அப்புறப்படுத்த வந்ததைப் பார்த்தேன். இரண்டே விரலால் தூக்கினார். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தவர், உடனே முதுகை வளைத்து, பல்லைக் கடித்து, முப்பது கிலோவைச் சுமப்பதுபோல் தள்ளாடிக்கொண்டு பின்பக்கம் போனார். நடிப்பு என்னுடையதைவிட எவ்வளவோ நன்றாக இருந்தது. இவ்வளவு நேரம் அவன் இவன் என்று சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். இதற்குமேல் முடியவில்லை.

போகும்போது மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "திங்கட்கிழமை அவர் நிரந்தரத்துக்குக் கையெழுத்துப் போட்டா இடம் அவருக்கு. போடலைன்னா ஆறு வாரம் காலியா வச்சிருக்கலாம். தோள் சரியானதும் மறுபடி வந்து தூக்குங்க. என்னால முடிஞ்சது அவ்வளவுதான்." கெட்டவர் இல்லை. அவர் புன்னகைதான் அப்படி.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். தோளில் போட்டிருந்த கட்டுத்துணியை மாற்றிக் கட்டி, எனக்குச் சோறு பிசைந்து ஊட்டிவிட்டாள். திட்டியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை தற்காலிகம் வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"என்னை மன்னிச்சிடுங்க அண்ணே. வெளிர் மூடியில வெள்ளைப் பொட்டு வச்ச முட்டாள் நான். சிவப்புல வச்சிருக்கணும். அந்த வெளிச்சத்துல எப்படித் தெரியும்? இல்ல, நடுவுலன்னு சொல்றதுக்குப் பதிலா இடதுன்னு சொல்லிட்டேனோ என்னவோ. ரெண்டு நாளா அதையே நெனச்சுக்கிட்டிருக்கேன். உங்க வேலை என்னாலதான் போச்சு."

அவரே தொடர்ந்தார். ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு பாட்டில் தொழிற்சாலையில் நிரந்தர வேலை பார்த்தவராம். கால் முறிந்தது, விடுப்பு தீர்ந்தது, கால் தீரவில்லை. அன்றிலிருந்து யாராவது விழுந்தால் அவர்கள் இடத்தில் மூன்று மாதம், நான்கு மாதம்.

"என் இடத்துக்கு வந்தவன் கெட்டவன் இல்ல. கடைசி நாள் என் லாக்கர் சாவியை அவன் கையில குடுத்தேன். வாங்கிக்கிட்டான். என் மூஞ்சியை மட்டும் பாக்கல. நான் அப்படி ஒரு ஆளா ஆயிடக் கூடாதுன்னு நெனச்சேன். அதனால நாளைக்குக் கையெழுத்துப் போட மாட்டேன். என் தப்புக்கு நீங்க வேலையை விட வேண்டாம். ஆறு வாரத்துல நீங்க வந்துடலாம்."

என் வேலை திரும்பி வந்து எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தது. நான் செய்ய வேண்டியதெல்லாம் வாயைத் திறக்காமல் இருப்பதுதான். அதற்குத் தோள்கூடத் தேவையில்லை. பதினெட்டு வருட வேலை. மகளுக்குப் பத்து வயது. ஒரு நிமிடம் சும்மா இருந்தேன். ஒரு நிமிடம் என்று இப்போது சொல்கிறேன், அவருடைய டீ ஆறி ஏடு படியும்வரை சும்மா இருந்தேன். சமையலறை வாசலில் மனைவி நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும்.

"பொட்டு தெரிஞ்சுது தம்பி" என்றேன்.

அவர் நிமிர்ந்தார்.

"நல்லாவே தெரிஞ்சுது. நீங்க என்னை மாட்டிவிடப் பாக்கறீங்கன்னு நெனச்சேன். வேணும்னேதான் இடது வாளியை எடுத்தேன். நீங்க இருமினதுகூட எனக்கு வேற மாதிரிப் பட்டுது."

எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். கன்னத்தில் ஒன்று விட்டாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். வேறு என்ன செய்வது, தடுக்க ஒரு கைதான் இருந்தது.

"பொட்டு வச்ச வாளி நடுவுலதான் இருந்துச்சா?" என்று கேட்டார்.

"நடுவுலதான்."

"நானும் நடுவுலன்னுதான் சொன்னேனா?"

"ஆமா."

நீளமாக ஒரு மூச்சு விட்டார். முகம் தெளிந்துவிட்டது. "அப்ப நான் சரியாத்தான் வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். நான் அவரைத் துரோகி என்று நினைத்ததை அவர் காதில் வாங்கினாரா என்றே எனக்குத் தெரியவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது, அழுதேன்.

"நாளைக்குக் கையெழுத்துப் போடுங்க" என்றேன்.

அவர் ஏதோ மறுக்க வாயெடுத்தார். மனைவி குறுக்கிட்டு, "போடுங்க. இவருக்கு வேற வேலை கிடைக்கும். ஊஞ்சல் இல்லாத இடமாப் பாத்துச் சேத்துவிடறேன்" என்றாள்.

வாசலில் அவர் செருப்பை மாட்டும்போது சட்டைப் பையிலிருந்து என் கிடங்கு லாக்கர் சாவியை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டார். வாங்கிய பிறகும் போகாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னால்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.