முப்பதோடு நின்றவன்

முப்பதாவது கிலோமீட்டர் பலகையைக் கண்டதும் முயல் ஓரமாக ஒதுங்கி நின்றான். பின்னால் வந்த மூவரும் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்கள். எதற்குப் பார்க்க வேண்டும்? முன்னால் ஓடி, எதிர்காற்றைத் தாங்கி, வேகம் குறையாமல் அவர்களை இழுத்துக்கொண்டு வந்து முப்பதில் கழன்றுகொள்ளத்தான் அவனுக்குக் கூலி. இந்த வேலைக்காரர்களுக்கு முயல் என்று பட்டப்பெயர். பதினோரு வருடத்தில் சொந்தப் பெயர் அவனுக்கே மறந்துபோயிருக்கும், வீட்டில் மனைவி மட்டும் இல்லாவிட்டால்.

இத்தனை மாரத்தான் பந்தயம் ஓடியும் முடிவுக்கோட்டை அவன் ஒரு தடவைகூட மிதித்ததில்லை. பாதிக் கிணறு தாண்டுவதுதானே உங்கள் பிழைப்பு என்று அவள் கேலி செய்வாள். இந்தக் கடைசிப் பந்தயத்தையாவது முழுதாக ஓடிவிட வேண்டும் என்ற ஆசை அவனை அரித்துக்கொண்டேதான் இருந்தது. ஆனால் போன மாதம் மருத்துவர் இதயத்தின் படத்தைக் காட்டி, முப்பதே அதிகம், அதற்கு மேல் ஓர் அடி வைத்தாலும் உயிருக்கு நான் பொறுப்பில்லை என்று கையை விரித்துவிட்டார். அன்று அவள் கேலி செய்யவில்லை. சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஓடிவிட்டு வந்தால் வாசற்படியில் ஷூவை இரண்டு தட்டுத் தட்டிப் புழுதியை உதிர்ப்பது அவன் பழக்கம். "அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு உசுரு வரும்" என்று இன்று காலையும் சொல்லி அனுப்பினாள்.

நின்றவர்களை ஏற்றிக்கொள்ளும் வேனில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தான். கால்கள் மரத்து, யாருடையவையோ போலக் கிடந்தன. பையிலிருந்த போன் அடித்தது. முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டதாகப் போனில் செய்தி வந்திருக்கிறதே என்று அவள் பதறினாள். ஓட்ட நேரத்தைக் குறிக்க ஷூவில் கட்டியிருக்கும் மின்னணுச் சில்லுதான் சாலையில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை வீட்டுக்குச் செய்தி அனுப்பும். குனிந்து பார்த்தான். சில்லு அவன் ஷூவிலேயே இருந்தது. இயந்திரத்துக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது, நான் வேனில்தான் இருக்கிறேன் என்று சிரித்தான்.

நாற்பதில் மறுபடியும் அடித்தது.

"பொய் சொல்லாதீங்க. ஓடிக்கிட்டேதான் பேசுறீங்க. மூச்சு வாங்குறது கேக்குது."

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"இப்பவும் கேக்குது" என்றாள். அழுதுகொண்டிருந்தாள்.

வேன் முடிவுக்கோட்டருகே நின்றதும் இறங்கிப் பதக்கம் கொடுக்கும் பெண்ணிடம் போனான். தன் பந்தய எண்ணைச் சொல்லி, இந்த ஆள் வந்தானா என்று கேட்க நினைத்தான். வாய் திறக்குமுன் அவளே சொன்னாள்.

"உங்களுக்குத்தான் குடுத்தாச்சே சார். வாங்கிட்டு ஒரு நிமிஷம்கூட நிக்காம அந்தப் பக்கம் ஓடிட்டீங்களே."

அவள் கை காட்டியது அவன் வீட்டுக்குப் போகும் சாலை. வீட்டுக்குப் போன் போட்டான். எங்கே இருக்கிறீர்கள் என்று மனைவி கேட்டு முடிப்பதற்குள், அவளுக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. டக். டக்.

அவள் பெருமூச்சு விட்டாள். பிறகு, எத்தனையோ நாளைக்கு அப்புறம், சிரித்தாள்.

"வாசல்ல நின்னுக்கிட்டா போன் பண்றீங்க? இருங்க, திறக்கிறேன்."

திறக்காதே என்று கத்தினான். போனை அவள் அதற்குள் எங்கேயோ வைத்துவிட்டிருந்தாள். தாழ்ப்பாள் விலகியது. "வாங்க" என்றாள், அவனுடைய பெயரைச் சொல்லி.

அவன் குனிந்து பார்த்தான். முப்பது கிலோமீட்டர் புழுதி அவன் ஷூவில் அப்படியே இருந்தது.