கழித்தல் குறி போட்ட பிரபஞ்சம்

லைடன் பல்கலைக்கழகத்தில் எங்கள் வானியல் துறையில், யாருக்கு நல்ல செய்தியோ அவர்தான் தின்பண்டம் வாங்கி வரவேண்டும். என்னோடு ஆய்வு செய்யும் வீட்ஸ்கே, செய்தி வருவதற்கு முன்பே பத்து தொம்பூஸ் கிரீம் கேக்குகள் வாங்கி வந்துவிட்டாள். இளஞ்சிவப்புப் பாகு பளபளக்க அவை மேசையில் உட்கார்ந்திருந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீ சொன்னது நடக்காம இதைத் தொடமாட்டேன்" என்றேன்.

"தொடாத, கெர்லோஃப். உன் பங்கையும் நானே தின்னுடறேன்."

பிரபஞ்சம் பிறந்த புதிதில் பொருள் எங்கும் ஏறக்குறைய சமமாகப் பரவியிருந்தது. ஒரு துளி அடர்த்தி கூடிய மேடுகள் சுற்றியுள்ளதை இழுத்து விண்மீன் மண்டலங்களாயின. அக்கம்பக்கம் அமைதியாக இருந்த மேடு, மோதலில்லாமல் வளர்ந்து சீக்கிரமே தட்டையான வட்டாகிவிடும் என்பது வீட்ஸ்கேயின் கட்சி. அவளுடைய முனைவர் பட்டமே அதை நம்பித்தான் இருந்தது. அப்படி ஒரு மேட்டைத் தானே பொறுக்கி நடுவில் வைத்து, ஒரு குட்டிப் பிரபஞ்சத்தையே நான்கு மாதமாகக் கணினியில் வளர்த்தாள்.

"ஜெயிக்கிற குதிரையா பாத்து எடுத்துட்டு பந்தயம் கட்டுற" என்று நான் குத்திக்கொண்டே இருந்தேன்.

பதினொரு மணிக்குப் படம் திறந்தது. நடுவில் கும்மிருட்டு.

"உன் மண்டலம் லீவுல போயிருச்சா?"

வீட்ஸ்கேயின் முகம் வெளுத்தது. சிரித்திருக்கக் கூடாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆரம்பத்து மேடுபள்ளங்கள் எல்லாம் பதிந்திருந்த தொடக்கக் கோப்பைத் திறந்தாள்.

"ஐயோ, அடர்த்திக்கு முன்னால கழித்தல் குறி விழுந்திருக்கு! மேடெல்லாம் பள்ளமாயிருச்சு, பள்ளமெல்லாம் மேடாயிருச்சு. நாலு மாசம் போச்சு!"

"இரு, இரு. அப்போ இதுல வளர்ந்தது எதையும் நீ பொறுக்கி எடுக்கலையே? இதுதானே நியாயமான சோதனை?"

சட்டென்று என்னைப் பார்த்தாள்.

"படத்தைப் பாக்காத! மொதல்ல அமைதியான மேட்டையெல்லாம் தொடக்கக் கோப்புல குறிச்சுக்கறேன்" என்று கத்தினாள்.

ஏழு கிடைத்தன. ஒவ்வொன்றாகத் திறந்தோம். முதலாவது வட்டு. இரண்டாவதும் வட்டு! மூன்றாவதற்கு நானே நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றேன். ஏழில் ஆறு, தோசை போலத் தட்டையாகச் சுழன்றன. ஒப்பிட்டுப் பார்க்க, சந்தடி மிகுந்த இடத்து ஏழு மேடுகளைத் திறந்தால், ஒன்றைத் தவிர எல்லாம் உருண்டைக் கட்டி.

"இப்ப சொல்லு. குதிரைய யாரு பொறுக்கினா?"

என் வாய் நிறைய தொம்பூஸ்.