தேனீயின் கீழே ஒரு சீட்டு

நாலு நாள் காய்ச்சலில் கிடந்துவிட்டு ஐந்தாம் நாள் அருங்காட்சியகத்துக்குத் திரும்பிய காப்பாட்சியர், தன் அறைக்குப் போகும் வழியிலேயே நடைச்சுவரில் அதைப் பார்த்துவிட்டாள். ஆள் உயரக் கண்ணாடிப் பேழை. உள்ளே கறுப்பு வெல்வெட். அதன்மேல் தேனீக்கள். நடுவில் எறும்பளவில் தொடங்கி, சுற்றிச் சுற்றி விரிந்து, விளிம்பில் கட்டைவிரல் அளவில் முடிகிற ஒரு பெரிய சுருள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்த அழகு ஒரு நிமிடம் அவளையும் பிடித்து நிறுத்தியது. அந்த ஒரு நிமிடத்துக்காக அவள் தன்னை வெகுநாள் மன்னிக்கவில்லை.

பிறகுதான் உறைத்தது. எந்தத் தேனீயின் கீழும் சீட்டு இல்லை.

பூச்சிக்குக் குத்திய ஊசியிலேயே, பூச்சிக்குக் கீழே, நகத்தளவு காகிதம் ஒன்று இருக்கும். எந்த இடம், எந்த நாள், எந்தப் பூ, பிடித்தது யார். அது இருந்தால் அந்தத் தேனீ ஒரு சாட்சி. இல்லாவிட்டால் செத்த பூச்சி, அவ்வளவுதான். இவற்றைப் பிடித்தவர் ஒரு நில அளவையர். முப்பத்தோரு வருடம் ஊர் ஊராகச் சங்கிலி இழுத்தவர், மதியம் சாப்பிட்ட கையோடு வலையை எடுத்துக்கொண்டு வரப்போரம் போய் நின்றுவிடுவாராம். தொழில் புத்தி போகுமா? “மூன்றாம் எல்லைக்கல்லுக்கு வடக்கே நாற்பது அடி. பூசணிப் பூ. மழை விட்டு இரண்டாம் நாள்” என்று கடுகளவு எழுத்தில் எழுதி வைத்திருந்தார். ஆயிரத்து நூற்று அறுபத்திரண்டு தேனீக்கள். ஆயிரத்து நூற்று அறுபத்திரண்டு சீட்டுகள்.

“நான் சொன்னேம்மா, அதுல எழுத்து இருக்குன்னு” என்றாள் கூட்டிப் பெருக்குகிற பெண், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு. “ரெண்டு நாள் உக்காந்து ஒண்ணொண்ணா உருவுனாங்க. பேன் பாக்கற மாதிரி அவ்வளவு பொறுமை. குப்பையில போடுன்னாங்க. எனக்குத்தான் மனசு வரல.”

அவள் ஒரு பாலிதீன் பையை நீட்டினாள். உள்ளே அத்தனை சீட்டும் அவல் மாதிரி கலந்து கிடந்தது.

ரெண்டு நாள். கோபத்தில் யாராவது உடைத்திருந்தால்கூட அவளால் தாங்கியிருக்க முடியும். இது பொறுமையாக, கை நடுங்காமல் செய்த நாசம். அதைவிட மோசம், அலமாரிச் சாவியைக் கொடுத்தது அவளேதான். “தூசி தட்டணுமாம்” என்று அலுவலகத்திலிருந்து ஆள் வந்தபோது, போர்வைக்குள் இருந்தபடியே கையை நீட்டிக் கொடுத்தாள். எதற்கு என்று இன்னொரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் அவளுக்கு எப்போதுமே இல்லை.

இயக்குநர் அறைக்குள் நுழைந்ததும் அவள் வாயில் வந்த முதல் வார்த்தை “மன்னிக்கணும் சார்” என்பதுதான். தவறு செய்தவரிடம் போய்த் தானே மன்னிப்புக் கேட்கிற இந்த நாக்கை என்ன செய்வது என்று உள்ளுக்குள் ஒருத்தி பல்லைக் கடித்தாள்.

“பாத்தீங்களா? எப்படி இருக்கு?” அவர் முகம் பூரித்திருந்தது. “அலங்காரம் பண்ண வந்தவர் பெரிய ஆளு. அந்தக் காகிதமெல்லாம் இருந்தா மளிகைக் கடை மாதிரி இருக்குன்னார். நான்தான் எடுத்துடச் சொன்னேன்.”

“சீட்டு இல்லன்னா அது எந்த ஊர்த் தேனீன்னே தெரியாது சார்.”

“தேனீக்கு எதுக்கும்மா ஊரு? ரேஷன் கார்டா வாங்கப் போகுது?” சிரித்தார். பக்கத்தில் நின்ற அலுவலக மேலாளரும், சிரிக்க வேண்டுமே என்பதற்காகச் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. இரண்டு மாதம் முன்பு வந்து, அவர் மேஜையிலேயே தூங்கிக்கொண்டிருந்த ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். ஆற்றோரத் தோட்டங்களில் பூசணி காய்ப்பது ஏன் குறைந்துவிட்டது என்று ஆராய்கிற ஒரு பெண் எழுதியது. நாற்பது வருடம் முன்பு அங்கே எந்தெந்தத் தேனீக்கள் இருந்தன என்று தெரிந்தால்தான் இப்போது எவை போய்விட்டன என்று சொல்ல முடியும். அந்தத் தகவல் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. உங்கள் புதுக் காட்சியின் திறப்பு விழாவை ஒட்டி வந்து பார்க்கலாமா?

இயக்குநர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். முகத்தில் இருந்த பூரிப்பு மெல்ல இறங்கியது. கொஞ்ச நேரத்தில் வழி கண்டுபிடித்துவிட்டார்.

“காகிதம் எத்தனை இருக்கு?”

“ஆயிரத்து நூற்று அறுபத்திரண்டு.”

“பூச்சி?”

“அதே.”

“அப்புறம் என்ன? ஒரு பூச்சிக்கு ஒரு காகிதம், குத்திடுங்க. எண்ணிக்கை சரியாப் போச்சு.”

“எதுக்கு எதுன்னு தெரியாதே சார்.”

“யாருக்கும்மா தெரியப் போகுது? தேனீயா எழுந்து வந்து, நான் அந்த ஊர் இல்லன்னு சொல்லப் போகுது? விழாவுக்கு ஆறு வாரம் இருக்கு. ‘தகவல்கள் யாவும் பத்திரமாக உள்ளன’ன்னு ஒரு கடிதம் தயார் பண்ணுங்க. காப்பாட்சியர் நீங்க, கையெழுத்து நீங்கதான் போடணும்.” பிறகு, சும்மா சொல்வதுபோல, “கீழ டிக்கெட் கவுண்டர்ல ஆள் கம்மியாம்” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அக்கா வந்திருந்தாள். அக்கா என்றால் ஒரு வருடம்தான் மூத்தவள். பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். விஷயத்தைக் கேட்டுவிட்டு, கைப்பையை நாற்காலியில் போட்டாள்.

“அடியே, குத்தித் தொலைச்சுட்டுக் கையெழுத்தைப் போட்டுட்டுப் போயேன். செத்த ஈ. அதுக்காக இருபது வருஷ வேலையை விடுவியா?”

“ஈ இல்லக்கா, தேனீ.”

“ஆமா, மாமன் மகன் பாரு, உறவு முறை தப்பாயிடுச்சு.”

வழக்கமாக இவள் சிரித்திருப்பாள். அன்று அக்காவுக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தாள்.

“உன் வார்டுல நாப்பது குழந்தை இருக்கு. ஒருத்தன் வந்து, கையில கட்டின பட்டை அசிங்கமா இருக்குன்னு அத்தனையும் அறுத்துடறான். நீ என்ன பண்ணுவ? நாப்பது பட்டை, நாப்பது குழந்தை, எண்ணிக்கை சரின்னு கைக்கு வந்ததைக் கட்டி அனுப்பிடுவியா?”

அக்கா தன் மணிக்கட்டையே தடவிக்கொண்டிருந்தாள்.

“அவனை உயிரோட விடமாட்டேன்” என்றாள் கடைசியில்.

“நான் இத்தனை நாளா எல்லாரையும் உயிரோட விட்டுட்டேனே, அதான் என் பிரச்சனை” என்றாள் இவள். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவளுக்கே தெரிந்தது.

மறுநாளிலிருந்து பேழையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சீட்டு குத்தத்தானே சொல்லியிருக்கிறார், யாரும் தடுக்கவில்லை. உருப்பெருக்கியின் கீழே ஒவ்வொரு சீட்டையும் வைத்துப் பார்த்தாள். ஊசி ஓட்டையைச் சுற்றிப் பச்சைக் களிம்பு மோதிரமாகப் படிந்திருந்தால், அதே களிம்பு பிடித்த பித்தளை ஊசியைத் தேடினாள். ஒரு சீட்டில் ஒடிந்த கால் ஒட்டியிருந்தது. காலில்லாத தேனீயைக் கண்டுபிடிக்க ஒன்றரை நாள் ஆனது. பொருந்தியபோது அவள் தனியறையில் வாய்விட்டு “வாடி என் கண்ணு” என்றாள். ஐந்து வாரத்தில் இருநூற்றுப் பதின்மூன்று சேர்ந்தன. மிச்சம் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பது. களிம்பும் இல்லை, வேறு தடயமும் இல்லை.

கடைசி வாரம், அந்தத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பதுக்கும் புதுச் சீட்டு எழுத உட்கார்ந்தாள். அக்கா விடுப்புப் போட்டுவிட்டு வந்து, தையல் நூல் வெட்டுகிற கத்தரிக்கோலால் காகிதத்தை ஒரே அளவாக நறுக்கிக் கொடுத்தாள். பொருந்தாமல் போன அளவையரின் சீட்டுகளை உறையில் போட்டு ஒட்டி, பூட்டி வைத்தார்கள். புதுச் சீட்டில், அவர் எழுதிய அதே கடுகளவு எழுத்தில் இருந்தது இதுதான்: “இடம், நாள் தெரியாது. அசல் சீட்டு இயக்குநரின் வாய்மொழி உத்தரவுப்படி அலங்காரத்துக்காக அகற்றப்பட்டது.” தேதி. அதன் கீழே இன்னொரு வரி. “சாவியைக் கொடுத்தவர்: காப்பாட்சியர்.”

“உன்னை எதுக்குடி எழுதற?” என்றாள் அக்கா.

“நான் கொடுத்தேனே.”

விழாவுக்கு முந்தின நாள் காலை இயக்குநர் பேழை முன்னால் வந்து நின்றார். கறுப்பு வெல்வெட் முழுக்க வெள்ளைப் பொட்டுகள். கண்ணாடியோடு மூக்கை ஒட்டிப் படித்தார். அடுத்த தேனீக்குப் போனார். அடுத்ததற்கு. அவர் கழுத்து சிவந்துகொண்டே போனது.

“என்னம்மா இது? அசிங்கப்படுத்தறீங்களா? எல்லாத்தையும் இப்பவே எடுங்க!”

அவள் நாக்கு பழக்கப்படி “மன்னி...” என்று தொடங்கியது. நிறுத்திக்கொண்டாள்.

“எடுக்க முடியாது சார். குத்தின சீட்டை எடுக்கவே கூடாது. தப்பா இருந்தாக்கூட, திருத்தத்தை இன்னொரு சீட்டுல எழுதி அதுக்குக் கீழதான் குத்தணும். இந்தத் தொழில்ல இருக்கற ஒரே சட்டம் அதுதான். இந்த அலமாரிகள்ல சில ஊசியில நாலு சீட்டு இருக்கும். நாலு பேர் சண்டை போட்டிருப்பாங்க, யாரும் யாரையும் அழிச்சிருக்க மாட்டாங்க. இதுல எழுதியிருக்கறது தப்புன்னா, எது தப்புன்னு நீங்க எழுதிக் கொடுங்க. கையெழுத்தோட. கீழ குத்திடறேன்.”

பக்கத்தில் நின்ற மேலாளர் இந்த முறை சிரிக்கவில்லை. குனிந்து கண்ணாடிக்குள் எதையோ படித்துக்கொண்டிருந்தார்.

“ஆராய்ச்சிப் பொண்ணுக்குக் கடிதம்?” என்றார் இயக்குநர், குரல் இறங்கி.

“நேத்தே அனுப்பிட்டேன் சார். ஆயிரத்து நூற்று அறுபத்திரண்டுல இருநூற்றுப் பதின்மூணைத்தான் நம்பலாம்னு. மிச்சம் என்னாச்சுன்னும் எழுதியிருக்கேன்.”

டிக்கெட் கவுண்டருக்கு மாற்றுகிற உத்தரவு மத்தியானமே வந்தது. அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு அலமாரிச் சாவியை மேலாளர் மேஜையில் வைத்துவிட்டு, கையை எடுக்காமல் நின்றாள்.

“யார்கிட்ட, எந்தத் தேதியில, எதுக்காகக் கொடுக்கறேன்னு முதல்ல எழுதிக் கொடுங்க” என்றாள்.