சும்மா விட முடியாத பள்ளம்

எங்கள் தெருவில் வெயில் கொளுத்தினால் யாரும் வானத்தைத் திட்டுவதில்லை. முனைவீட்டு மாடியைப் பார்த்துத்தான் திட்டுவார்கள். அங்கேதான் வெயில் மேடம் குடியிருக்கிறாள். நகராட்சியில் பருவநிலைப் பிரிவு என்று புதிதாக ஒன்றைத் தொடங்கி, அதற்கு அவளை அதிகாரியாகப் போட்டிருக்கிறார்கள். பிரிவு என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். பிறப்புச் சான்றிதழ் தரும் அறையின் மூலையில் ஒரு மேசை, தலைக்கு மேலே ஒரு மின்விசிறி. அந்த மின்விசிறியும் ஓடாது.

"என்ன மேடம், இன்னிக்கு வெயில் சரக்கு கொஞ்சம் ஜாஸ்தியா இறக்கிட்டீங்க போலிருக்கே?" என்று மளிகைக்கடைக்காரர் கடையிலிருந்தே குரல் கொடுப்பார்.

"உங்க கடை கூரைக்கு மட்டும் தனியா அனுப்பினேன் அண்ணே. வெள்ளை அடிங்கன்னு சொன்னேன், கேட்டீங்களா?" என்பாள் அவளும். அப்போதெல்லாம் சிரிப்பாள்.

தெருவின் கடைசியில் ஒரு பள்ளம் இருந்தது. நகராட்சி நிலம். கோரையும் முள்ளும் மண்டிக் கிடக்கும், கொசு கேட்கவே வேண்டாம். ஆனால் எவ்வளவு மழை பெய்தாலும் தெருத் தண்ணீர் முழுவதும் சரசரவென்று அதற்குள் இறங்கிவிடும், நாலைந்து நாளில் மண் குடித்துவிடும். பள்ளத்தை ஒட்டிய கடைசி வீடு, மேடத்தின் தங்கையுடையது. தையல்காரி. முன் அறையில் மூன்று மிஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைக்கிறாள். அதற்கு எதிர்வீடு நான். என் ஜன்னலில் உட்கார்ந்தால் அவள் ஊசியில் நூல் கோப்பதுகூடத் தெரியும். வேண்டுமென்று பார்ப்பதில்லை, கண் அங்கே போகிறது, நான் என்ன செய்ய?

போன வருடம் தையல்காரியின் வீட்டுக்கு நல்ல கிராக்கி வந்தது. அவளுடைய கணவன், நாங்கள் வைத்த பெயர் 'சரிம்மா' (வேறு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து கேட்டதில்லை), விற்றுவிட்டு மேட்டுப்பக்கம் போய்விடலாம் என்று வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு யோசனை சொன்னார். அக்காவைக் கேட்காமல் தங்கை ஊசிகூட வாங்க மாட்டாளே. கேட்டாள்.

"பைத்தியமாடி உனக்கு? இந்த வீட்டையா விக்கிற?" என்றாள் மேடம். "பள்ளம் இருக்கிற வரைக்கும் உன் வாசப்படி நனையாது. அந்தப் பள்ளத்தை எவனும் தொடாம பாத்துக்கிறதுதான் எனக்கு வேலை. நான் இருக்கேன்ல?"

"நீ இருக்கியே, அது போதும்" என்று தங்கை, வீடு கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டாள். "சரிம்மா" என்றார் சரிம்மா.

சொன்ன வாய் மூடவில்லை, அதற்குள் கவுன்சிலர் பள்ளத்தில் கார் நிறுத்துமிடம் கட்டப்போவதாகச் செய்தி வந்தது. மேடம் பம்பரமாகச் சுழன்றாள். வீடு வீடாகப் போனாள். ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து பாதியைச் சிமெண்டுத் தரையிலும் பாதியை மண்ணிலும் ஊற்றி, "பாருங்க, எது குடிக்குது?" என்று காட்டினாள். தெருவும் பயங்கரமாகத் தலையாட்டியது. கூட்டத்துக்கு வாருங்கள் என்றபோது மட்டும் பாதித் தெருவுக்குத் தலைவலி வந்தது.

நகராட்சியில் அவளுக்குக் கிடைத்த பதில்தான் வேடிக்கை. நிலத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் அது ஏதாவது ஒரு திட்டத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது காலி மனை, காலி மனையை யார் கேட்டாலும் கொடுக்கலாம். சரி, பள்ளத்தைப் பள்ளமாகவே வைத்திருப்பதுதான் திட்டம் என்று இவள் எழுதிக் கொடுத்தாள். பொறியாளர் விழுந்து விழுந்து சிரித்தாராம். இதை மேடமே தங்கை வீட்டு வாசலில் உட்கார்ந்து சொன்னாள், நான் துணி உலர்த்திக்கொண்டே கேட்டேன்.

"மேடம், மண் வெட்டுறதுக்கு ரேட் இருக்கு, கொட்டுறதுக்கு ரேட் இருக்கு, சுவர் எழுப்புறதுக்கு ரேட் இருக்கு. சும்மா விடுறதுக்கு ரேட் எங்க இருக்கு? வேலைன்னு ஒண்ணு இருந்தாதான் திட்டம். ஒண்ணுமே செய்யாததை எப்படிச் செஞ்சு முடிச்சோம்னு கணக்குக் காட்டுவீங்க?"

கார் நிறுத்துமிடத்துக்கான தீர்மானம் அடுத்த கூட்டத்தில் வரவிருந்தது. மேடம் இரண்டு நாள் சோறு தண்ணியில்லாமல் யோசித்து, 'பருவநிலைப் பூங்கா' என்று பெயரை மாற்றி எழுதிக் கொடுத்தாள். உடனே நிறைவேறியது. கார் நிறுத்துமிடம் ஒழிந்தது. அன்று தங்கை எல்லோருக்கும் தேநீர் போட்டாள். எனக்கு இரண்டு டம்ளர்.

பூங்கா என்றால் பூங்காவுக்கென்று சில சட்டங்கள் உண்டாம். அது எங்களுக்குத் தெரியாது. மேடத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும், பேசிச் சரிக்கட்டிவிடலாம் என்று நம்பினாள். படித்தவர்களுக்கு இந்த நம்பிக்கை ஒரு வியாதி. பூங்காவுக்கு நடைபாதை வேண்டும், நடைபாதைக்குச் சமதளம் வேண்டும், சமதளத்துக்கு மண் கொட்ட வேண்டும். முதல் லாரி வந்து இடித்த கட்டடத்தின் சிமெண்டுக் கட்டிகளைப் பள்ளத்தில் கவிழ்த்தபோது தையல்காரி மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள். நானும்தான்.

மேடம் ஸ்கூட்டரை நிறுத்தக்கூடச் செய்யாமல் அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "நிறுத்துங்க! யாரு சொன்னது கொட்டச் சொல்லி?"

ஒப்பந்தக்காரர் நல்ல மனிதர், நிதானமாகச் சொன்னார். "நீங்கதான் மேடம். பூங்கா உங்க திட்டம். கையெழுத்தே உங்களுதுதான்."

"பள்ளத்தை மூடச் சொல்லி நான் எழுதலையே!"

"பள்ளத்துல எப்படி மேடம் குழந்தைங்க ஊஞ்சல் ஆடும்?"

அதன் பிறகு அவள் ஏறி இறங்காத படி இல்லை. பொறியாளர் கமிஷனரிடம் போகச் சொன்னார். கமிஷனர், "உங்க திட்டத்தை நீங்களே எதிர்த்தா நாளைக்கு உங்க பிரிவை யாரும்மா மதிப்பாங்க?" என்று கேட்டார். தெருக்காரர்களைத் திரட்டப் பார்த்தாள். தெருவுக்கு ஊஞ்சல் பிடித்துப்போயிருந்தது. கொசுவும் குறைந்திருந்தது. "பூங்கா வேணும்னு நீங்கதானே வந்து கேட்டீங்க, இப்ப வேணாங்கிறீங்க?" என்று மளிகைக்கடைக்காரர் கேட்டார். அவர் கடைக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் இன்னும் வெள்ளை அடிக்கவில்லை.

பூங்கா அழகாகவே வந்தது. சுற்றிலும் சுவர், உள்ளே ஓடு பதித்த பாதை, சிமெண்டில் ஒரு காளான், நீரூற்று. திறப்பு விழாவில் கவுன்சிலர் மேடத்தின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். அவள் மேடையில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து பூங்காச் சுவரின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் போக ஓர் ஓட்டையாவது விட்டிருக்கிறார்களா என்று தேடினாளாம். விடவில்லை.

மழை ஒரு மத்தியானம் வந்தது. அப்படியொன்றும் பேய்மழை இல்லை, வருடா வருடம் பெய்கிற மழைதான். தெருத் தண்ணீர் பழக்கத்தில் பள்ளத்தைத் தேடிப் போனது, சுவரில் முட்டியது, திரும்பியது. திரும்பினால் முதலில் தையல்காரி வீடு.

எங்கள் வீட்டு வாசலில் இரண்டு படி உண்டு, அதனால் நின்று பார்க்க முடிந்தது. சரிம்மாவும் அவளும் ஒரு மிஷினைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டார்கள். இரண்டாவதைத் தூக்குவதற்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்துவிட்டது. தைத்து அடுக்கியிருந்த சீருடைகள் ஒவ்வொன்றாக வாசலைத் தாண்டி மிதந்து தெருவுக்கு வந்தன. கை விரித்த சின்னச் சின்னச் சட்டைகள். நான் எட்டி எட்டிச் சிலவற்றைப் பிடித்தேன்.

மேடம் நகராட்சி மோட்டாரோடு வந்தபோது தண்ணீர் போகவும் மாட்டேன் நிற்கவும் மாட்டேன் என்று ஆடிக்கொண்டிருந்தது. மோட்டாரைப் போட்டார்கள். இழுத்த தண்ணீரை எங்கே விடுவது என்று ஆள் கேட்டான். அவள் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தாள்.

தங்கை கட்டிலில் மிஷினைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"நீ பொய் சொல்லலைக்கா" என்றாள். "பள்ளம் இருக்கிற வரைக்கும்னுதான் சொன்னே. நான்தான் சரியா கேட்டுக்கல."

"அப்படிச் சொல்லாதடி. திட்டிடு, ரெண்டு அறை வேணாலும் குடு."

"எதுக்கு? கை வலிக்குது எனக்கு."

அடுத்த வாரம் வீட்டைப் பூட்டிவிட்டு சரிம்மாவின் அண்ணன் வீட்டுக்கே போய்விட்டார்கள். இப்போது அந்த வீட்டைக் கேட்டு யாரும் வருவதில்லை. சாவியை என்னிடம் கொடுத்தாள். "அக்கா வந்து கேட்டா மட்டும் குடுங்க. சுவரையாவது ஒருநாள் வந்து துடைக்கட்டும்" என்றாள். வாரம் ஒருமுறை போன் செய்வாள், ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு, வைக்கும்போது மட்டும் கேட்பாள்: "சாவி கேட்டாளா?"

"இல்லம்மா."

மேடம் தினமும் பூங்காவைப் பார்வையிட அந்த வழியாகத்தான் போகிறாள். அந்த வீட்டுப் பக்கம் தலை திரும்பாது. இப்போது மளிகைக்கடைக்காரர் கேலி செய்தாலும் சிரிப்பதில்லை. அவரும் கேலியை நிறுத்திவிட்டார்.

போன மாதம் வந்து சாவி கேட்டாள். என் நெஞ்சு குளிர்ந்துவிட்டது. எட்டிப் பார்த்தால் தெருவில் ஒரு கூட்டம். வேற்று ஊர் நகராட்சிகளிலிருந்து நம் பூங்காவைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வந்தவர்களாம். பொறியாளர் அவர்களைத் தையல்காரி வீட்டுக்குள் அழைத்துப்போய், சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓடிய சேற்றுக் கோட்டைக் காட்டினார். "பாருங்க, திட்டத்துக்கு முன்னாடி இப்படித்தான் இருந்துச்சு."

எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். "அப்படியா மேடம்?" என்று ஒரு பெண் கேட்டாள். பொறியாளரும் மேடத்தைப் பார்த்தார். நானும் வாசல்படியிலிருந்து பார்த்தேன்.

"ஆமா" என்றாள் மேடம்.

கூட்டம் தேநீருக்குப் போனது, அவள் போகவில்லை. ஜன்னல் வழியே பார்த்தேன். மிஷின் இருந்த இடத்தில் உட்கார்ந்து, சுவரின் கோட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். சுண்ணாம்பு உதிர்ந்தது, கோடு போகவில்லை.

அந்த வாரம் தங்கை போன் செய்தபோது கதை எதுவும் பேசவில்லை. "நகராட்சி போட்டோ போட்டிருக்காங்க, பாத்தேன்" என்றாள். "எங்க வீட்டுச் சுவர். பக்கத்துல பூங்கா. நல்லாத்தான் இருக்கு."

என் கண் எதிர்வீட்டுப் பக்கம் போனது.

"சாவியைத் திருப்பிக் குடுத்தாளா?"

"இல்லம்மா. அவகிட்டதான் இருக்கு."

"இருக்கட்டும். இனிமே நான் கேக்க மாட்டேன்."

போனை வைத்துவிட்டு வெளியே பார்த்தேன். மேட்டுப்பக்கம் வானம் கறுத்திருந்தது. எங்கள் வீட்டுக்கு இரண்டு படிதான். அரிசி டப்பாவை எடுத்துப் பரண்மேல் வைத்தேன்.